பியானோ சாதகம்: காலமும் கவனமும்

பியானோ பயிலும் இளைஞர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலாவதாகக் கேட்பது, "நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும், ஐயா?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. பள்ளிப் பாடமும் கல்லூரித் தேர்வும் நெருக்கும் வயதில் மணிக்கணக்கு முக்கியமாகத்தான் தோன்றும். ஆயினும் பல ஆண்டுகளாக இவ்வாத்தியத்தைக் கற்பித்து வந்ததில் நான் கண்டது வேறு. இரண்டு மணி நேரம் ஓயாமல் கட்டைகளைத் தட்டிய மாணவன் மறுநாளும் அதே இடத்தில் தடுக்கி விழுகிறான். அரை மணி நேரமே அமர்ந்த மற்றொருவன் அவ்விடத்தைத் தெளிவாகக் கடந்து செல்கிறான். இது பிறவித் திறமையின் வேற்றுமை என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். தடுக்கியவனும் அவ்வாறே நம்பி, "எனக்கு இந்த வித்தை வாய்க்காது" என்று வாத்தியத்தை மூடிவிடுகிறான். நல்ல காதும் நல்ல கையும் உடைய எத்தனையோ பேர் இவ்வாறு இசையை விட்டு விலகியிருக்கின்றனர். சாதகம் செய்யும் முறையை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே உண்மை. அம்முறையைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது பழமொழி. ஆனால் அம்மி எந்தப் பக்கம் நகரும் என்பது அடி விழும் பக்கத்தைப் பொறுத்தது. பிழையாக நூறு முறை வாசித்தால் அப்பிழையே உறுதிப்படும். விரல்களுக்குச் சரி, தவறு என்ற பாகுபாடு தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதையே அவை கற்றுக்கொள்கின்றன.

முதலில் வாத்தியத்தின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் மெடிசி குடும்பத்தாரிடம் பணியாற்றிய பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி என்பவர் 1700ஆம் ஆண்டை ஒட்டி இதனை உருவாக்கினார். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டு என்னும் வாத்தியத்தில் தந்திகள் மீட்டப்பட்டன. விரலை மெல்ல வைத்தாலும் வலிய வைத்தாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. கிறிஸ்டோபோரியோ தந்தியைச் சிறு சுத்தியலால் தட்டும் அமைப்பைக் கண்டார். அதனால் மெல்லொலியும் வல்லொலியும் விரலின் வசமாயின. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்லொலி, 'ஃபோர்ட்டே' என்றால் வல்லொலி. இவ்விரு சொற்களும் சேர்ந்தே வாத்தியத்தின் பெயராயின.

இன்றைய பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளும் ஆக 88 கட்டைகள் உள்ளன. ஒரு கட்டையை அழுத்தினால் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறங்குகிறது. அதற்குள் உள்ளேயிருக்கும் சுத்தியல் மேலே எறியப்படுகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தானாகப் பறந்து சென்று தட்டிவிட்டுத் திரும்புகிறது. வீணையில் மீட்டிய பிறகும் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம். பியானோவில் தட்டிய பின் அந்த ஸ்வரத்தை வளைக்கவோ வளர்க்கவோ இயலாது. ஒலியின் வலிமை முழுவதும் கட்டை இறங்கும் அந்தக் கணப்பொழுதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆதலால், விரல் அசையுமுன்பே எத்தகைய ஒலி வேண்டும் என்று மனத்தில் கேட்டாக வேண்டும். மனம் முன்னே செல்ல, விரல் பின்தொடர்வதே பியானோ வாசிப்பு. மனம் வேறெங்கோ உலாவ விரல் மட்டும் ஓடுமாயின், அது சாதகம் ஆகாது.

சென்ற நூற்றாண்டுகளின் ஆசிரியர் பலர் இவ்வுண்மையை மறந்து, விரலை ஓர் இயந்திரமாகப் பழக்க முயன்றனர். 1814இல் 'கைரோபிளாஸ்ட்' என்னும் கருவிக்கு லோஜியர் என்பவர் காப்புரிமை பெற்றார். கட்டைகளின் எதிரே பொருத்தப்பட்ட சட்டங்களுக்குள் மாணவனின் கைகளை நிறுத்தி வைப்பது அதன் வேலை. பீத்தோவனின் மாணவரும் லிஸ்டின் ஆசிரியருமான செர்னி நூற்றுக்கணக்கான பயிற்சிகளை எழுதிக் குவித்தார். பிரான்ஸ் நாட்டு ஹானான் 1873இல் வெளியிட்ட 60 பயிற்சிகள் இன்றும் உலகெங்கும் மாணவர் கையில் உள்ளன. இப்பயிற்சிகளை நான் பழிக்கவில்லை. கவனத்தோடு வாசித்தால் பயன் உண்டு. ஆனால், பக்கத்தில் ஒரு நாவலை விரித்து வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் ஓட்டினாலும் போதும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவியிருந்ததே, அது பெருந்தீங்கு.

அதே காலத்தில் பாரிஸில் வாழ்ந்து, பெரும்பாலும் பாடம் சொல்லியே பொருளீட்டிய ஷோபின் இதற்கு நேர்மாறான கருத்துடையவர். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் சாதகம் செய்வதாகக் கூறிய மாணவி ஒருவரை அவர் கடிந்துகொண்டு, மூன்று மணிக்கு மேல் கூடாது என்று தடுத்ததாக அம்மாணவியே சொல்லியிருக்கிறார். மற்ற ஆசிரியர்கள் வெள்ளைக் கட்டைகள் மட்டும் வரும் 'சி' ஸ்கேலில் பாடத்தைத் தொடங்கினர். ஷோபினோ ஐந்து கறுப்புக் கட்டைகளும் வரும் 'பி' ஸ்கேலை முதலில் கற்பித்தார். நீண்ட நடுவிரல்கள் உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டைகளின் மேலும், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளின் மேலும் இயல்பாக அமரும் என்பது அவர் கண்ட நுட்பம். படிப்பதற்கு எளியது 'சி' ஸ்கேல். கைக்கு எளியது 'பி' ஸ்கேல். கையின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப உழைக்க வேண்டும் என்பதே அவர் போதித்த பாடம்.

இனி நம் காலத்து ஆராய்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். 2009ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. பியானோவையே முதன்மைப் பாடமாகப் பயின்ற மாணவர் 17 பேருக்கு, ஷொஸ்டகோவிச்சின் முதலாம் பியானோ கன்செர்ட்டோவிலிருந்து கடினமான சிறு பகுதி ஒன்று கொடுக்கப்பட்டது. வேண்டிய அளவு நேரம் எடுத்துப் பழகலாம். மறுநாள் ஒவ்வொருவரும் அதனை 15 முறை வாசித்துக் காட்ட வேண்டும். யார் மிகச் சிறப்பாக வாசித்தார்? அதிக நேரம் பழகியவர்களா? அல்லர். அதிக முறை வாசித்தவர்களா? அவர்களும் அல்லர். பழகிய நேரத்திற்கும் மறுநாள் தரத்திற்கும் தொடர்பு காணப்படவில்லை. தவறாக வாசித்த தடவைகள் யாருக்குக் குறைவாக இருந்தனவோ அவர்களே முன்னின்றனர்.

முதல் வரிசையில் நின்றவர்களும் தொடக்கத்தில் பிழை செய்தவர்களே. ஆனால் பிழை நேர்ந்தவுடன் அது எங்கே, ஏன் நேர்ந்தது என்று துல்லியமாகக் கண்டனர். அவ்விடத்தில் வேகத்தைக் குறைத்தனர். சரியாக வந்த பிறகும் அது நிலைபெறும் வரை திரும்ப வாசித்தனர். அதன் பின்னரே மேலே சென்றனர். இடையிடையே கையை எடுத்துவிட்டு மௌனமாக யோசித்தனர். மற்றவர்களோ பிழையைக் கேட்டும் கேளாதவர் போல் ஓடினர், அல்லது மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

முதலிலிருந்து தொடங்கும் பழக்கத்தால் வரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மேனாட்டு இசைக் குறிப்பில் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்படும் ஒவ்வொரு தாளப் பகுதிக்கும் 'பார்' என்று பெயர். 32 பார்கள் கொண்ட ஓர் உருப்படியில் ஒரு பாருக்கு 3 விநாடி என்று கொள்வோம். முழுவதும் வாசிக்க 96 விநாடி ஆகும். 17ஆம் பாரில் பிழை வருகிறது. மாணவன் முழு உருப்படியையும் பத்து முறை வாசிக்கிறான். 16 நிமிஷம் செலவாகிறது. அதில் 17ஆம் பாருக்குக் கிடைத்தது 30 விநாடி மட்டுமே. அந்த 30 விநாடியும் பிழையைப் பழகுவதிலேயே கழிந்தது! அந்த ஒரு பாரை மட்டும் பாதி வேகத்தில், ஒவ்வொரு முறைக்கும் பத்து விநாடி எடுத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் வாசித்திருந்தால் 30 முறை சரியாகப் பழகியிருக்கலாம். மீதி 11 நிமிஷம் வேறொன்றுக்கு உதவியிருக்கும்.

ஆகவே முதல் விதி இது: தொல்லை தரும் இடத்தைப் பிரித்தெடுங்கள். அதற்கு முந்தைய பாரின் கடைசி ஸ்வரத்தையும் பிந்தைய பாரின் முதல் ஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகள் ஸ்வரத்தில் இருப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கை தாவும் இணைப்பிலேயே ஒளிந்திருக்கின்றன. இரு கைகளும் சேர்ந்தால் குழப்பம் வருமானால், எந்தக் கை தயங்குகிறது என்று தனித்தனியே வாசித்து அறியுங்கள். அறிந்தவுடன் மீண்டும் சேருங்கள். நெடுநாள் தனித்தனியே பழகிய கைகள் பிறகு சேர மறுக்கும்.

இரண்டாவது விதி, விரல் வரிசையை நிலையாக வைத்தல். ஒரே பகுதியை இன்று மூன்றாம் விரலாலும் நாளை நான்காம் விரலாலும் தொடுபவன் ஒவ்வொரு நாளும் புதிய பாடத்தைத் தொடங்குகிறான் என்றே சொல்ல வேண்டும். ஜே. எஸ். பாக்கின் மகனான சி. பி. இ. பாக் 1753இல் வெளியிட்ட தம் போதனை நூலில், கட்டைவிரலை மற்ற விரல்களின் கீழே செலுத்தி வாசிக்கும் முறையை வற்புறுத்தினார். விரல் வரிசையே வாசிப்பின் அடித்தளம் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். நல்ல வரிசையை முதல் நாளே தேர்ந்து பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற நேர்ந்தால் அதையும் குறித்துவிட்டு மாற்றுங்கள்.

மூன்றாவது விதி நிதானம். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ மேதைகளுள் ஒருவர் ரக்மானினாவ். அவரைக் காணச் சென்ற ஆபிராம் சேசின்ஸ் என்னும் கலைஞர், உள்ளே அவர் சாதகம் செய்வதைக் கேட்டு வாயிலிலேயே நின்றுவிட்டாராம். வாசிக்கப்படுவது ஷோபினின் மிக விரைவான பயிற்சி உருப்படிகளுள் ஒன்று. ஆனால் அது இன்னதென்று கண்டுகொள்ளவே அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஒரு பாருக்கு 20 விநாடி வீதம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் வாசித்ததாகச் சேசின்ஸ் எழுதியிருக்கிறார். உலகமே வியந்த விரைவுடையவர் அத்தனை மெதுவாக வாசித்தது ஏன்? மெதுவாக வாசிக்கும்போதுதான் அடுத்த அசைவை முன்கூட்டியே நினைக்க இயலும். தேவையற்ற இறுக்கம் தோளிலோ மணிக்கட்டிலோ இருந்தால் அதை உணரவும் இயலும். நம் சங்கீதத்தில் சரளி வரிசையை முதற்காலத்தில் நிலைநிறுத்திய பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று செல்வது இதே காரணத்தால்தான்.

தாளத்தை அளக்க, மேல்சல் 1815இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் என்னும் கருவி உதவும். பிழையின்றி வாசிக்கக்கூடிய வேகம் நிமிஷத்திற்கு 60 தட்டு என்றால் அங்கே தொடங்குங்கள். தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால் 64க்கு ஏற்றுங்கள். பிழை வந்தால் கூச்சமின்றி 60க்கு இறங்குங்கள். ஆனால் மெதுவாக வாசிப்பது உயிரின்றி வாசிப்பதாக ஆகிவிடக் கூடாது. மெல்லொலியும் வல்லொலியும், வாக்கியத்தின் ஏற்ற இறக்கமும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். டெக்சாஸ் ஆய்வில் முன்னின்றவர்கள் தொடக்கத்திலேயே உணர்ச்சி வேறுபாட்டோடு வாசித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஸ்வரங்களை முதலில் கற்று, இசையைப் பிறகு பூசிக்கொள்ளலாம் என்பது நடவாத காரியம்.

நான்காவதாக, காலத்தைப் பங்கிடும் முறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மற்ற நாள்களில் வாத்தியத்தைத் தொடாதவர் பலர். அதே நேரத்தை ஆறு நாள்களுக்கு அரை மணி வீதம் பிரித்தால் பயன் மிகுதி. இதற்குத் தூக்கமும் ஒரு காரணம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு உறங்கி எழுந்தபின் வேறு பழக்கம் ஏதும் செய்யாமலே ஏறத்தாழ 20 சதவீதம் விரைவாகத் தட்டினர். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அத்தகைய முன்னேற்றம் வரவில்லை. நாம் உறங்கும்போது மூளை அன்றைய பாடத்தை ஒழுங்குபடுத்தி வைக்கிறது. தேர்வுக்கு முந்திய இரவு உறக்கத்தை விற்றுச் சாதகத்தை வாங்குபவன் நஷ்ட வியாபாரியே.

இதனால் உழைப்பே வேண்டாம் என்று யாரும் கருதிவிடக் கூடாது. எரிக்சன் முதலிய உளநூலறிஞர்கள் 1993இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 18 வயதிற்குள் சராசரியாக 7,000 மணி நேரத்திற்கு மேல் தனிமையில் சாதகம் செய்திருந்தனர். அவர்களுக்கு அடுத்த நிலையினர் அதனினும் குறைவாகவே செய்திருந்தனர். ஆனால் அச்சிறந்த மாணவர்கள் அந்நேரத்தை இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாகச் செலவிட்டனர். மற்றவர்களைவிட அதிகமாக உறங்கினர். மணிகளும் வேண்டும், அம்மணிகளுக்குள் விழிப்பும் வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவது, வீட்டில் பியானோ இல்லாத மாணவர்களுக்கு மிகவும் பயன்படக் கூடியது. நம் நாட்டில் பலருக்கு வீட்டில் சிறிய மின்னணுக் கீபோர்டு மட்டுமே உண்டு. அல்லது பள்ளியிலோ தேவாலயத்திலோ உள்ள பியானோவை அரை மணி நேரம் கேட்டுப் பெற வேண்டும். லண்டன் டிரினிடி கல்லூரியின் தேர்வுகளுக்குச் சென்னையில் ஆயத்தமாகும் பிள்ளைகளுள்ளும் இத்தகையவர் உண்டு. இவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஜெர்மனியில் கார்ல் லைமர் என்னும் ஆசிரியரும் அவர் மாணவரான வால்டர் கீசெகிங்கும் வாத்தியத்தைத் தொடாமலே உருப்படியைக் கற்கும் முறையை நூலாக எழுதினர். இசைக் குறிப்பைக் கண்ணால் படித்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மனத்தால் கேட்டு, நினைவில் பதித்த பின்னரே கட்டைகளை நாடுவது அம்முறை. இதனை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று வேறு வழியில் மெய்ப்பித்தது. பியானோ அறியாதவர்களுக்கு ஓர் ஐவிரல் பயிற்சி கற்பிக்கப்பட்டது. ஒரு சாரார் ஐந்து நாள் தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தனர்; மற்றொரு சாரார் அதே நேரம் விரலை அசைக்காமல் மனத்தால் மட்டும் வாசித்தனர். விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரு சாராருக்கும் ஒத்த மாற்றம் காணப்பட்டது. மனத்தால் பழகியவர்கள், மற்றவர்கள் மூன்றாம் நாள் அடைந்திருந்த தேர்ச்சியை ஐந்தாம் நாள் எட்டியிருந்தனர்.

என்னிடம் பயின்ற கல்லூரி மாணவி ஒருத்திக்கு வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு நாற்பது நிமிஷமே பியானோ கிடைத்தது. தேர்வுக்கு மூன்று மாதமே இருந்தது. "விட்டுவிடலாமா?" என்று கேட்டாள். பேருந்தில் செல்லும்போது இசைக் குறிப்பின் எட்டு பார்களை மட்டும் மனத்தால் வாசித்து வரச் சொன்னேன். எங்கே மனத்தில் ஸ்வரம் மங்குகிறதோ அங்கே விரலும் தடுமாறும் என்பதைச் சில நாள்களிலேயே அவள் கண்டுகொண்டாள். அதன் பின் பியானோ முன் அமர்ந்த நாற்பது நிமிஷத்தில் ஒன்றையேனும் அவள் வீணாக்கவில்லை. தேர்விலும் நன்றாகவே வாசித்தாள்.

ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமாகாது. ராபர்ட் ஷூமான் இளமையிலேயே வலக் கைவிரலின் ஆற்றலை இழந்து, மேடைக் கலைஞராகும் ஆசையைக் கைவிட நேர்ந்தது. அதன் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. விரலுக்கு வலுவூட்ட ஒரு கருவியை அவர் பயன்படுத்தினார் என்பது தெரிந்ததே. அமெரிக்கரான லியோன் ஃபிளைஷர் 1960களின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோது, வலக்கையின் இரு விரல்கள் தாமே மடங்கிக்கொள்ளும் நோய்க்கு ஆளானார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அவரால் மீண்டும் இரு கைகளாலும் தொடர்ந்து மேடையில் வாசிக்க முடிந்தது. இடைக்காலத்தில் இடக்கைக்கென்றே எழுதப்பட்ட உருப்படிகளை வாசித்தும், பாடம் சொல்லியும் அவர் இசையைக் காத்துக்கொண்டார். களைப்பு வேறு, வலி வேறு. வலி தோன்றினால் அக்கணமே நிறுத்துங்கள். தொடர்ந்து இருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

இவற்றையெல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள் அடக்குவது எப்படி? முதல் 5 நிமிஷம் ஒரு ஸ்கேலை மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவில் ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாசியுங்கள். அடுத்த 15 நிமிஷம் புதிய உருப்படியில் தொல்லை தரும் ஓரிடத்திற்கு. பின் 10 நிமிஷம் வேறோர் உருப்படிக்கு. அதன்பின் 10 நிமிஷம் முன்பு விட்ட இடத்திற்கே திரும்புங்கள். சற்று மறந்த பின் மீண்டும் தேடி எடுப்பதே அதனை நிலைக்கச் செய்யும். முதல் முயற்சியில் தடுமாறினால் அஞ்ச வேண்டாம். கடைசி 5 நிமிஷம் முன்பே நன்கறிந்த ஒன்றை மகிழ்ச்சிக்காக வாசியுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் அன்று திருத்திய இடத்தையும் எட்டிய வேகத்தையும் எழுதி வையுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.

தேர்வோ கச்சேரியோ நெருங்கும்போது இன்னொன்றும் பழக வேண்டும். பிழை வந்தாலும் நிற்காமல் முழுவதையும் வாசித்து முடிப்பது தனியான ஒரு கலை. நாளுக்கு ஒரு முறை, வீட்டாரையோ நண்பர்களையோ எதிரே அமர்த்தி அவ்வாறு வாசியுங்கள். முடிந்ததும் எங்கெங்கே தடுமாறினீர்கள் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் சாதகத்தில் அவ்விடங்களைத் திருத்துங்கள். திருத்தும் வேளையில் நிற்கவும், வாசித்துக் காட்டும் வேளையில் நிற்காமல் செல்லவும் கற்றவனே மேடைக்குத் தகுதி பெற்றவன்.

மாணவ நண்பர்களே, நாளைக்குப் பியானோவின் முன் அமரும்போது கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "இன்று நான் திருத்தப்போவது எந்தப் பார்?" அதற்கு விடை கிடைத்த பிறகு கட்டையில் விரலை வையுங்கள். விடை கிடைக்கவில்லையெனில், இசைக் குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் மௌனமாகப் படியுங்கள். அந்த ஐந்து நிமிஷமும் சாதகமே.